துலாவும் கிணற்றுக்கட்டும்

பத்தாம் வகுப்பில் ஒருநாள் 'துலாக்கோல்' என்ற சொல்லுக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தேன். தராசு என்றேன். நடுவுநிலைமைக்கு அதனை உவமையாக்கும் மரபு நம்மிடையே உண்டென்றும் விளக்கினேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், எங்கட பழைய கிணத்தடியில ஒரு தூண் நிக்குது. அம்மப்பா அதைத் துலாக்கால் எண்டுதான் சொல்லுறவர். தராசுக்கும் கிணத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான்.

இலக்கணம் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கோ அன்று அரைகுறையாகத்தான் விடை சொல்ல முடிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஊர்களில் குழந்தைகளுக்கும் தெரிந்திருந்த ஒரு கருவி, இன்று அகராதியில் தேட வேண்டிய சொல்லாகிவிட்டது. அரசர்களின் பட்டத்துப் பெயர்களை ஆண்டோடு ஒப்புவிக்கும் நமது சரித்திரப் பாடத்தில், யாழ்ப்பாணத்துக்குச் சோறும் கறியும் தந்த துலாவுக்கு ஒரு வரிதானும் இல்லை.

மாணவன் கேட்ட சம்பந்தம் உண்மையானது. துலா என்பது நடுவே தாங்கப்பட்ட ஒரு நெடுமரம். நிலத்தில் ஊன்றப்பட்ட ஆடுகாலின் மேல் அச்சுலக்கையை ஆதாரமாகக் கொண்டு அது தராசுத் தண்டுபோல மேலும் கீழும் ஆடும். நுனிப்பக்கம் கிணற்றின் மேல் நிற்கும். அதிலே கொடியும், கொடியின் முனையிற் பனையோலையால் இழைத்த பட்டையும் தொங்கும். பிற்காலத்தில் பட்டையின் இடத்தை இரும்பு வாளி பிடித்துக்கொண்டது. மரத்தின் கனத்த அடிப்பக்கம் மறுபுறம் நிற்கும். தோட்டத்துத் துலாவிலே மனிதர் ஏறி நடப்பர். நுனியை நோக்கி நடந்தால் பட்டை கிணற்றுள் இறங்கும். அடியை நோக்கித் திரும்பி நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். கிணற்றுக்கட்டில் நிற்பவன் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பான். வாய்க்கால் ஓரத்தில் இன்னொருவன் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவான். விடியுமுன்னே இறைப்புத் தொடங்கிவிடும்.

வீட்டுக் கிணற்றில் இருந்தது கைத்துலா. அதில் மனிதர் ஏறுவதில்லை. அடிப்பக்கத்தில் ஒரு கல்லைக் கட்டிவிடுவர். வெறும் வாளியைக் கீழே இழுப்பதுதான் பெண்ணின் வேலை. நிறைந்த வாளியை மேலே தூக்குவது கல்லின் வேலை. இங்கே உழைப்பு குறைந்துவிட்டதென்று எண்ணலாகாது. கல்லை உயர்த்தவும் அதே பலம் வேண்டும். ஆயினும் குனிந்து மேலே தூக்குவதிலும் நிமிர்ந்து நின்று உடற்பாரத்தைக் கொடுத்துக் கீழே இழுப்பது எளிது. இந்தச் சிறு சூழ்ச்சியைக் கண்டுபிடித்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. பண்டை எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் இதே கருவி இருந்தது. நாட்டுக்கு நாடு மனிதரின் முதுகு ஒரே விதமாக வலித்திருக்கிறது.

அந்த வலிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு நிலத்தில் 25 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 6,300 லீற்றர் வேண்டும். நீர்மட்டம் 6 மீற்றர் ஆழத்தில் இருந்தால், அவ்வளவு நீரையும் மேலே கொணர்வது, 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவன் 20 மீற்றர் உயரமான பனையில் முப்பதுக்கு மேற்பட்ட தடவை ஏறுவதற்குச் சமம். நான்கு பரப்புப் புகையிலைக்கோ வெங்காயத்துக்கோ இறைக்கின்ற காலையில் அது நூற்றிருபது பனையைத் தாண்டும். இரண்டு பேர் மிதித்தாலும் ஆளுக்கு அறுபது பனை. இறைத்து முடிந்து சில நாள் சென்றால் அதே பாத்தி மறுபடியும் காய்ந்திருக்கும். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலிலே யாழ்ப்பாணத்துத் தோட்டங்களின் செழிப்பை வியந்து எழுதினார். அந்தச் செழிப்பின் அளவுகோல் இந்த அறுபது பனைதான்.

இத்தனை கிணறுகள் இங்கே வேண்டியிருந்தமைக்குக் காரணம் நிலத்தின் இயல்பு. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டில் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். பெய்த நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அணித்தாயுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைக் கண்ட நம் முன்னோர், இராமன் அம்பெய்து உண்டாக்கிய கேணி என்று கதை கட்டினர். உண்மை அந்தக் கதையிலும் சுவையானது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே நாற்பது மீற்றர் வரை அது கடல்நீரைத் தள்ளி வைத்திருக்கும். ஒல்லாந்தராகிய பாடன் கெய்பன் 1888ஆம் ஆண்டளவிலும், ஜெர்மானியராகிய ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தத்தம் கடற்கரைகளை ஆராய்ந்து இவ்விதியைத் தனித்தனியே கண்டனர். கிணற்றின் மேலே ஒரு துலா ஆடுகிறது. கிணற்றின் கீழேயும் நன்னீருக்கும் உவர்நீருக்குமிடையே ஒரு துலா ஆடுகிறது. மேலே ஒரு மீற்றரை இழந்தால் கீழே நாற்பது மீற்றர் உவர் ஏறிவரும். இது கொள்கைக் கணக்கு. கல்லின் வெடிப்புகளுக்கேற்ப இடத்துக்கிடம் மாறும். கடலோரத்திலும் தீவுகளிலும் இந்த நன்னீர்ப் படலம் மிக மெல்லியது. அங்கே பெண்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தேடி இடுப்பிற் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தனர்.

நல்ல தண்ணீர் அரிதாகவே, அதைப் பங்கிடுவதில் நம் சமுதாயம் வியக்கத்தக்க நுட்பம் காட்டியது. பழைய காணி உறுதிகளைப் படித்தவர்கள் அறிவர்: காணியின் எல்லைகளைச் சொல்லி முடித்ததும் கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு எழுதப்பட்டிருக்கும். தகப்பன் வழி வந்த முதுசம், தாய் வழிச் சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய தேட்டம் என்று சொத்தை வகுக்கும் தேசவழமை, தலைமுறைதோறும் கிணற்றையும் வகுத்தது. நான்கிலொன்று எட்டிலொன்றாகி, எட்டிலொன்று பதினாறிலொன்றாகும். பங்குக்கேற்ப இறைப்பு முறை. முறை தவறி ஒருவன் துலாவில் ஏறிவிட்டால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகும்; சில வழக்குகள் நீதிமன்றம் வரை நடந்தன. ஆயினும் ஒரு கிணற்றைப் பதினாறாகப் பிரித்து, அத்தனை குடும்பமும் அதில் வாழ முடிந்ததென்பதைச் சிறிய சாதனையென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் கட்டளைப்படி எழுத்தில் தொகுக்கப்பட்டபோது, அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி இருந்தது. காணியையும் கிணற்றையும் போல மனிதரும் உடைமையாக வகுக்கப்பட்டனர். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தினால் முற்றாக ஒழிந்தது. அடிமையாயிருந்தவன் விடுதலை பெற்றான். அவனுக்கு நிலம் கிடைக்கவில்லை. நிலமில்லாதவன் கிணறு தோண்ட முடியாது. பிறர் காணியிற் குடிலமைத்து இருப்பவன், காணிக்காரன் உத்தரவின்றிக் கல்லுடைக்க முடியுமா? ஆகவே நன்னீர் முழுவதும் உறுதி வைத்திருப்பவனுடைய கிணற்றுள்ளேயே நின்றது. பதினாறிலொரு பங்குவரை எண்ணத் தெரிந்த சமுதாயத்துக்கு, கிணற்றுக்கட்டுக்கு வெளியே குடத்தோடு நின்றவரை எண்ணத் தெரியவில்லை.

இதை நான் நூல்களில் மட்டும் கற்றவனல்லன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பூவரசு நின்றது. என் அப்பாச்சி சிறுமியாயிருந்த 1950களில், அயலிலுள்ள பெண்கள் அதன் நிழலிற் குடங்களை வைத்துவிட்டுக் காத்திருப்பார்களாம். வீட்டிலிருந்து யாராவது வந்து அள்ளி ஊற்றினாற்றான் அவர்கள் வீட்டில் உலை ஏறும். ஊற்றப் போவது பெரும்பாலும் அப்பாச்சிதான். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு முடித்து வந்திருந்த நான், புதிதாகக் கற்ற சொற்களின் சூட்டோடு அவரிடம் கேட்டேன்: "தோட்டத்தில துலா மிதிச்சவையும் அவைதானே அப்பாச்சி? கால் படலாம், கை படக் கூடாதோ?"

அப்பாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது தோட்டத்துக் கிணறு, தம்பி. இது வீட்டுக் கிணறு" என்றார். இரண்டு கிணறுகளுக்குமிடையே இருந்த தூரம் ஐம்பது யார். கீழே இரண்டிலும் இருப்பது ஒரே நீர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் கெட்டவரல்லர். மத்தியான வெயிலில் யாரையும் காத்திருக்கவைக்க மனமில்லாமல் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய் ஊற்றியதையும் அவரே சொன்னார். இந்த இரக்கமும் அந்தத் தடையும் ஒரே நெஞ்சில் அருகருகே குடியிருந்ததுதான் எனக்கு இன்றும் விளங்கிக்கொள்ள அரிதாயிருப்பது. தனிமனிதரின் நல்லியல்பை நம்பியிருந்தால் அந்தக் குடங்கள் இன்னும் நூறாண்டு பூவரசின் கீழே நின்றிருக்கும்.

மாற்றம் வேறு வழியில் வந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதியின் பெயராற் பொது வசதிகளை மறுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் கிணற்றடிக்கு நடந்து வரவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின்னர் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் நடந்த போராட்டங்களுமே அதற்கு உயிர் கொடுத்தன. அந்தப் போராட்டங்களினூடே வளர்ந்த எழுத்தாளர் கே. டானியல், தம் நாவல்களில் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார்.

அதே காலத்திற்றான் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரமும் தோட்டங்களிற் பரவியது. காலை முழுவதும் மிதித்து இறைத்ததை அது மிகச் சொற்ப நேரத்தில் முடித்தது. துலாக்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு விறகாயின. இதற்காகக் கண்ணீர் வடிப்பவர்கள் அறுபது பனைக் கணக்கை மறந்தவர்கள். இடுப்பொடிய மிதித்த எவரும் துலாவுக்காக ஏங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் குடாநாட்டுக்குப் பணம் கொணர்ந்தன. இயந்திரம் இல்லாமல் அது நடந்திராது.

ஆனால் மனிதன் களைத்ததும் துலா நின்றுவிடும். அதற்குள் கிணறு ஊறிவிடும். இயந்திரம் களைப்பதில்லை. இயந்திரம் வாங்கியவன் தன் பங்கு நேரத்துக்குள் முன்னிலும் பன்மடங்கு நீரை எடுத்தான். உறுதியில் எழுதிய பங்கு மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. கீழே ஆடிய மற்றத் துலா சாய்ந்தது. கரையோரக் கிணறுகள் சில உவர்த்தன. தோட்டத்துக்குக் கொட்டிய செயற்கை உரம் வெடிப்புகளினூடே இறங்கிற்று. 1980களிலேயே பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையை மீறியிருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அந்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பாற்குழந்தைகளுக்கு அது மிகவும் தீங்கானது.

1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஏழு வயது. தாகம் மட்டும் நினைவிருக்கிறது. ஒரு வளவில் தண்ணீர் கேட்டபோது, அந்த வீட்டார் எங்கள் ஊரையும் ஊரில் எந்தப் பகுதியென்பதையும் விசாரித்த பின்னரே வாளியைத் தந்தார்கள் என்று அம்மா பிற்காலத்தில் சொன்னார். எங்கள் விடை அவர்களுக்குத் திருப்தியளித்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களின் விடை என்னவாயிற்றென்று அம்மாவுக்குத் தெரியாது.

சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்திருப்பது வெளிவந்தபோது, வீட்டுக் கிணறு, தோட்டத்துக் கிணறு என்ற வேறுபாட்டை எண்ணெய் பார்க்கவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்கி நட்டஈடு விதித்தது. அதற்குள் எல்லோரும் பிளாஸ்ரிக் கலன்களோடு தண்ணீர் பவுசரின் முன்னே ஒரே வரிசையில் நின்று பழகியிருந்தார்கள்.

மாணவனின் கேள்விக்கு அடுத்த வாரம் விடை சொன்னேன். கரும்பலகையிலே துலாவை வரைந்து, ஆடுகாலையும் அச்சுலக்கையையும் காட்டினேன். பின்னர், உங்கள் வீட்டுக் கிணற்றை யார் தோண்டினார்கள், யார் மிதித்தார்கள், யார் பங்குகாரர் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். பலர் எழுதி வந்தனர். சிலர் உறுதியிலிருந்த பங்குக் கணக்கையும் பார்த்தெழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும் தன் கொப்பியில் மூன்று வரி எழுதியிருந்தாள். அம்மம்மா காலத்தில் அவர்களுக்குக் கிணறு இல்லை. ஒரு மைல் தூரத்திலுள்ள கிணற்றிலிருந்து பதினைந்து வருஷம் தண்ணீர் கொண்டுவந்தாராம். அந்தக் கிணறு எவ்வளவு ஆழமென்று கேட்டதற்கு, எட்டிப் பார்க்க ஒருநாளும் விடவில்லை, ஆகையால் தெரியாது என்று சொல்லிவிட்டாராம்.