சின்னம்மை: சிறு குழந்தைகளுக்கு வரும் கடும் சிக்கல்கள்

வேரிசெல்லா-சோஸ்டர் வைரஸால் வரும் சின்னம்மை, இலங்கையில் கொப்புளிப்பான் எனப்படும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானே இறங்கிவிடும். இதை அற்ப நோயென்று எண்ணுவதும் அதனால்தான். ஆனால் தடுப்பூசி வருவதற்கு முன் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 100 முதல் 150 பேர் இதனால் இறந்தனர்; அவர்களில் பலர் அதுவரை நலமாக இருந்தவர்கள்.

சிறு குழந்தைகளிடம் அடிக்கடி காணும் சிக்கலுக்கு நேரடிக் காரணம் வைரஸ் அன்று, பாக்டீரியா. அரிப்புத் தாளாமல் குழந்தை சொறிந்த இடத்தின் வழியே ஸ்டாஃபிலோகாக்கஸ், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகியவை உள்ளே புகுகின்றன. பெரும்பாலும் சீழ்ப்புண்ணோடு நின்றுவிடும். சிலருக்குத் தோலுக்கடியில் பரவும். அரிதாகத் தசையுறையை அழுகச் செய்து, இரத்தத்திலும் கலந்து, ஒரே நாளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றும். தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கி, தொட்டாலே குழந்தை அலறினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வேப்பிலையில் படுக்க வைப்பதால் கெடுதி இல்லை; தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை மருத்துவரிடம் காட்டாமல் இருப்பதே கெடுதி. நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது நல்லது.

ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்குச் சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும்; சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். மூளையழற்சி அதைவிட அரிது, ஆனால் கொடிது: வலிப்பும் நினைவு மயக்கமும் வரும். அம்மை இறங்கிச் சில மாதம் கழித்து மூளை இரத்தக்குழாய் சுருங்கிப் பக்கவாதம் வந்த குழந்தைகளும் உண்டு. நிமோனியா பெரியவர்களுக்கே அதிகம் என்றாலும், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு அது பேராபத்து.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையும் ஈரலும் வீங்கிக் கெடும் ரே நோய்க்கு அது வழிவிடும். 1963இல் இதை விவரித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரே. இபுப்ரோஃபெனும் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்கு அம்மை போட்டால், தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. சிகிச்சையின்றி விட்டால் அத்தகைய சிசுக்களில் 30 விழுக்காடுவரை இறக்கக்கூடும். நோயெதிர்ப்புப் புரத ஊசியும் அசைக்ளோவிரும் இங்கே உயிர்காப்பவை.

ஜப்பானின் மிச்சியாக்கி தகஹாஷி 1974இல் உருவாக்கிய தடுப்பூசியை அமெரிக்கா 1995இல் ஏற்றது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரு தவணைகளைப் பரிந்துரைக்கிறது. முதல் ஊசி 15ஆம் மாதத்தில். ஆனால் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. தனியாரிடம் பணம் கட்டித்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.