நாட்களைக் கால அளவாக மாற்றல் (நிரலாக்கம்)

கணினி நிரலாக்கத்தில் நாட்களைக் கால அளவாக மாற்றல் என்பது, நாட்களின் எண்ணிக்கையாகத் தரப்பட்ட ஒரு மதிப்பை மணி, நிமிடம், நொடி முதலிய அலகுகளில் அமைந்த கால இடைவெளியாக மாற்றும் செயற்பாடு ஆகும். ஒரு நாள் 86,400 நொடிகள் எனக் கொண்டால் இது வெறும் பெருக்கலே. ஆயினும் நடைமுறையில் பல வழுக்கள் இங்கிருந்தே தோன்றுகின்றன.

கணக்கிடும் முறை

தரப்பட்ட நாட்களை முதலில் மிகச் சிறிய அலகுக்கு மாற்றி, முழு எண்ணாக்கிய பின்னரே வகுத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 1.7 நாட்கள் = 146,880 நொடிகள். இதனை 86,400 ஆல் வகுக்க ஈவு 1 நாள், மீதி 60,480 நொடிகள். மீதியை 3,600 ஆல் வகுக்க 16 மணி; எஞ்சிய 2,880 நொடிகள் 48 நிமிடம் ஆகும்.

பலர் இதற்கு மாறாக, பின்னப் பகுதியைப் படிப்படியாகப் பெருக்கிச் செல்கின்றனர். 0.7 என்னும் எண்ணை இரும முறையில் துல்லியமாகக் குறிக்க இயலாது. எனவே 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் 0.7 × 24 என்பது 16.8 ஆகாமல் 16.799999999999997 ஆகிறது. அதில் 16 ஐக் கழித்து 60 ஆல் பெருக்கினால் 48 இற்குச் சற்றே குறைவான எண் கிடைக்கும். பின்னத்தை வெட்டிவிடும் நிரல் 47 நிமிடம் 59 நொடி எனக் காட்டும்.

எண் வரம்பு மீறல்

குறியுடைய 32 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு 2,147,483,647. மில்லிநொடிகளில் இது 25 நாட்களைக்கூடத் தாங்காது. ஜாவா மொழியில் 30 × 24 × 60 × 60 × 1000 என எழுதினால் விடை −1,702,967,296 என வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. விடையை 64 பிட் மாறியில் இட்டாலும் பயனில்லை. பெருக்கப்படும் எண்களில் முதலாவதே 64 பிட் எண்ணாக இருத்தல் வேண்டும்.

விண்டோசு 95 இயக்குதளம் ஏறத்தாழ 49.7 நாட்கள் இடைவிடாது இயங்கினால் உறைந்துவிடும் வழு நன்கு அறியப்பட்டது. 2³² மில்லிநொடிகள் என்பது அவ்வளவு நாட்களே. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 வானூர்திகள் குறித்து ஓர் ஆணை வெளியிட்டது. மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாட்கள் தொடர்ந்து மின்னூட்டப்பட்டிருந்தால், மென்பொருள் எண்ணி வரம்பு மீறி, வானூர்தி மாறுதிசை மின்சாரம் முழுவதையும் இழக்கக்கூடும் என்பதே காரணம். 2³¹ நூற்றிலொரு நொடிகளும் 248 நாட்களுக்குச் சற்றே மிகுதி.

நாளும் 24 மணி நேரமும்

நாட்காட்டி நாள் எப்போதும் 24 மணி நேரம் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் பகலொளி சேமிப்பு நேரம் தொடங்கும் மார்ச்சு ஞாயிறு 23 மணி நேரமும், முடியும் அக்டோபர் ஞாயிறு 25 மணி நேரமும் கொண்டவை. இந்தியாவில் இம்முறை இல்லாமையால், இங்கு சோதிக்கப்படும் நிரல்களில் இவ்வழு எளிதில் தென்படுவதில்லை. இலங்கை 2006 ஏப்ரல் 15 அன்று கடிகாரங்களை அரை மணி பின்வைத்தது. அந்நாள் அங்கு இருபத்து நான்கரை மணி நேரம் நீண்டது.

2014 இல் வெளியான ஜாவா 8 இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தது. அதில் ‘டியூரேசன்’ வகை நாளை 24 மணி நேரமாகவும், ‘பீரியட்’ வகை நாட்காட்டி நாளாகவும் கொள்கின்றன. மருந்து வேளைக்கு முன்னதும், கடன் தவணைக்குப் பின்னதும் பொருந்தும்.

விரிதாள்கள்

எக்செல் மென்பொருளில் நேரம் நாளின் பின்னமாகவே சேமிக்கப்படுகிறது. 2.75 என்னும் மதிப்பை வழமையான மணி வடிவத்தில் காட்டினால் 18:00 என்றே தெரியும். இரண்டு நாட்கள் மறைந்துவிடும். மணிக்குரிய குறியீட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் 66:00 எனச் சரியாகத் தோன்றும். சம்பளக் கணக்கில் வேலை மணிகளைக் கூட்டுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

பைத்தான் மொழியின் ‘டைம்டெல்டா’ வகையிலும் இதையொத்த பொறி உண்டு. அதன் ‘செகண்ட்ஸ்’ பண்பு, நாட்கள் நீங்கலான மீதி நொடிகளை மட்டுமே தரும். மொத்த நொடிகளுக்கு ‘டோட்டல்_செகண்ட்ஸ்’ என்னும் செயற்கூற்றை அழைத்தல் வேண்டும்.