முடிச்சு அவிழும் பத்து நொடி

மதுரைச் சுங்குடி வெறும் வெள்ளைப் பருத்தித் துணியாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. குறி வைத்த இடங்களில் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்குகிறார்கள் பெண்கள். சவுராஷ்டிரக் குடும்பங்களில் தலைமுறையாக வந்த கைப்பழக்கம் இது. சேலை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு விழும். பிறகு சாயம், வெயில். காய்ந்த துணியைக் குறுக்கே இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். நூல் காத்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது.

முன்பு இங்கிருந்து ஜவுளிக்கடைக்கோ கண்காட்சிக்கோ போகும். இப்போது முதலில் போவது மொட்டைமாடிக்கு. உச்சி வெயிலில் அரக்கு நிறம் வெளுத்துத் தெரியும் என்பதால், வீட்டிலிருந்தே விற்கும் பெண் காலையிலேயே படம் எடுத்துவிடுகிறார்: உடல், பார்டர், முந்தி. படங்கள் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் ஏறுகின்றன. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பிராட்காஸ்ட் பட்டியலிலும் அவர் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால்தான் ‘நம்பரை சேவ் பண்ணிக்கோங்க’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்.

சேலை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. படம் மட்டும் ஊர் ஊராகப் போகிறது. ரீசெல்லர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்து அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார்கள். மூன்றாவது கை மாறும்போது ‘மதுரை’ என்ற சொல் உதிர்ந்து, ‘காட்டன் சேலை, சிங்கிள் பீஸ்’ என்று மட்டும் மிஞ்சுகிறது. விற்பனை பெருகத்தான் செய்கிறது. ஆனால் முடிச்சுக் கட்டியவரின் ஊர்கூடத் தெரியாமல் பெருகுவதை என்னால் கொண்டாட முடியவில்லை.

அடுத்த சோதனை இன்னும் கடுமை. “இதே டிசைன் அங்க பாதி விலைக்கு இருக்கே அக்கா?” அங்கே இருப்பது அச்சுச் சுங்குடி. அச்சிட்டு விற்பதில் தவறில்லை, கைமுடிச்சு என்று சொல்லாதவரை. ஆனால் போன் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முடிச்சு விட்டுப்போன சிறு சுருக்கத்தை விரல்தான் அறியும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது வீடியோ. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கொரோனாவால் கண்காட்சிகள் நின்றுபோயிருந்த காலம் அது. துணியை இழுக்கும் இரண்டு கைகள், தெறிக்கும் முடிச்சு, அந்தச் சத்தம். பத்து நொடி போதும். எந்த அச்சுத் துணியும் இதைச் செய்துகாட்ட முடியாது. சினிமாப் பாட்டை ஒட்டி அந்தச் சத்தத்தை மூழ்கடிக்காமல் விடுகிற விற்பனையாளர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். சம்மதம் கேட்டு, கட்டியவரின் பெயரையும் கேப்ஷனில் போடுகிறவர்களை அதைவிடப் பிடிக்கும்.

வீடியோ பார்த்தவர் யுபிஐயில் பணம் அனுப்புகிறார். இப்போதுதான் சேலை பீரோவை விட்டு இறங்குகிறது. முதல் துவையலுக்கு உப்புத் தண்ணீர், தனியாக அலசவும் என்ற துண்டுச் சீட்டோடு கூரியர் ஏறுகிறது. பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்தால்தான் குறை இருந்தால் மாற்றித் தருவார்கள். அதனால் பெங்களூரில் பிரிபடும்போதும் அதன்முன் ஒரு போன் இருக்கிறது. உடுத்திய படத்தை வாங்கியவர் பதிவிட, கீழே உடனே கேள்வி: “மல்டிபிள்ஸ் இருக்கா? இதேமாதிரி இன்னொன்னு?”

“இல்லீங்க அக்கா, கைமுடிச்சு. ஆர்டர் சொன்னீங்கன்னா கட்டித் தரச் சொல்றோம், நாளாகும்.”