கவிஞர்களின் வளைகுடாவில் ஒரு படகுப் பயணம்

1/
லீவு வந்தாச்சு. குடும்பத்தோடு ஒரு கடற்கரை ஊருக்குப் போய், ஒரு மணி நேரம் படகில் சுற்றி, நடுவில் நல்ல இடமாகப் பார்த்து இறங்கி ஒரு குளியல் போட்டுவிட்டு வரலாம் என்று உங்களில் பலர் திட்டம் போட்டிருப்பீர்கள். தாராளமாகப் போங்கள். அதற்கு முன்னால் 200 வருஷத்துக்கு முந்தைய ஒரு குடும்பத்தின் கதையைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளமான இழை. கடைசி வரை வாங்க, விஷயம் இருக்கு.

2/
இடம் இத்தாலியின் வடமேற்குக் கரை, லா ஸ்பெசியா வளைகுடா. ஒரு பக்கம் போர்ட்டோவெனரே, எதிர்ப்பக்கம் லெரிச்சி. வளைகுடாவின் வாசலில் பல்மாரியா, தீனோ, தினெட்டோ என்று மூன்று தீவுகள். போர்ட்டோவெனரேயும் இந்தத் தீவுகளும் 1997ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இன்றைக்கும் கோடையில் குடும்பம் குடும்பமாக இங்கே படகேறி, தீவுகளைச் சுற்றி, நீந்திவிட்டுத்தான் கரை திரும்புகிறார்கள்.

3/
இதற்கு 'கவிஞர்களின் வளைகுடா' என்று ஒரு பெயர் உண்டு. காரணம் முக்கியமாக இரண்டு பேர், பைரன், ஷெல்லி. பைரனுக்குப் பிறவியிலேயே வலது பாதத்தில் ஊனம். நடந்தால் நொண்டுவார். ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் மீன்தான். 1810 மே 3 அன்று ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவிலுள்ள ஹெலஸ்பாண்ட் நீரிணையை நீந்திக் கடந்தவர். ஷெல்லி நேர் எதிர். படகு என்றால் உயிர், நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

4/
இத்தனைக்கும் நண்பர் டிரிலானி கற்றுக்கொடுக்கப் பார்த்திருக்கிறார். பைசா நகரத்தில் ஆர்னோ நதியில் ஷெல்லி குதித்தார். குதித்தவர் கை காலை அசைக்காமல் அப்படியே அடியில் போய்ப் படுத்துவிட்டார், நான்தான் இழுத்துப் போட்டேன் என்று டிரிலானி பின்னால் எழுதியிருக்கிறார். டிரிலானி கதையைப் பெரிதாக்கிச் சொல்லும் ஆள்தான். ஆனாலும் ஷெல்லிக்கு நீச்சல் தெரியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

5/
அந்தக் குடும்பத்துக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு விசித்திரமானது. ஷெல்லியின் மனைவி மேரி, 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் எழுதியவர். மேரியின் அம்மா மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்ணுரிமைக்காக எழுதிய முன்னோடி. 1795 அக்டோபரில் மனம் உடைந்து லண்டன் தேம்ஸ் நதியில் விழுந்தார். நினைவிழந்து மிதந்தவரைத் தூக்கிக் கரை சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவர்தான் மேரி ஷெல்லி. அன்று அம்மா பிழைத்திருக்காவிட்டால் ஃபிராங்கன்ஸ்டைன் கிடையாது.

6/
தண்ணீர் விட்டுவைத்த அந்த உயிரைப் பிரசவம் எடுத்துக்கொண்டது. 1797ல் மேரி பிறந்தபோது நஞ்சுக்கொடி வெளியே வரவில்லை. மருத்துவர் கையை உள்ளே விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம். பதினோராம் நாள் பிரசவக் காய்ச்சலில் தாய் இறந்தார். கையைக் கழுவுங்கப்பா என்று வியன்னாவில் செம்மல்வைஸ் சொன்னது அதற்கு 50 வருடம் கழித்து, 1847ல்.

7/
சரி, தேம்ஸில் மூழ்கியவரைப் பிழைக்க வைக்கலாம் என்ற எண்ணமே அப்போது புதுசு என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவரை மூச்சு இல்லாமல் கரைக்கு வந்த உடல் என்றால் பிணம், அவ்வளவுதான். 1767ல் கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியவர்களை மீட்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774ல் லண்டனில் வில்லியம் ஹாவ்ஸ், தாமஸ் கோகன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதே மாதிரி ஒன்றை ஆரம்பித்தார்கள். பின்னாளில் அதன் பெயர் ராயல் ஹ்யூமேன் சொசைட்டி.

8/
அவர்கள் சொன்ன சிகிச்சையைக் கேளுங்கள். உடம்பைச் சூடாக்கு. வாயோடு வாய் வைத்து ஊது, அல்லது துருத்தியால் காற்றடி. கூடவே ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஏற்று! சிரிக்காதீர்கள், நிஜம். அதற்கான கருவிப் பெட்டிகளை தேம்ஸ் கரையோரம் தயாராக வைத்திருந்தார்கள். புகையிலைச் சத்து இதயத்தை முடக்கும் நஞ்சு என்று 1811ல் பெஞ்சமின் பிராடி விலங்குகளில் சோதித்துக் காட்டிய பிறகுதான் அந்தப் பழக்கம் ஓயத் தொடங்கியது.

9/
இதில் சரியான மருந்து எது? வாயோடு வாய் வைத்து ஊதியது. ஆனால் அதுவும் கொஞ்ச நாளில் மதிப்பிழந்தது. அருவருப்பு ஒரு காரணம். இன்னொருவர் விட்ட மூச்சில் உயிர்க்காற்று இருக்குமா என்ற சந்தேகம் இன்னொரு காரணம். உண்மையில் நாம் வெளியே விடும் மூச்சில் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. மூழ்கியவருக்கு அதுவே போதும். இந்த அறிவு கையில் கிடைத்து, தொலைந்து, திரும்பக் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

10/
வளைகுடாவுக்குத் திரும்புவோம். 1822 கோடை. சான் டெரென்சோ என்ற மீனவக் கிராமத்தில் காசா மாக்னி என்ற வீடு. கீழ்த்தளத்து வளைவுகளில் அலை வந்து மோதும். ஷெல்லி குடும்பமும் எட்வர்ட் வில்லியம்ஸ் குடும்பமும் குழந்தைகளோடு ஒன்றாகக் குடியிருந்தார்கள். மே மாதம் புதுப் படகு வந்தது. பெயர் 'டான் ஹுவான்'. ஏறத்தாழ 24 அடி நீளம், மேல்தளம் கிடையாது, உடம்புக்கு மீறிய பாய்கள். வேகமாகப் போகும். பார்க்க அழகு.

11/
மேரிக்கு அப்போது வயது 24. ஏற்கெனவே மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தவர். இரண்டு வயது மகன் பெர்சி ஃபுளோரன்ஸ் மட்டும்தான் மிச்சம். மறுபடியும் கர்ப்பம். அந்த வீடே அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் படகில் கணவர் மடியில் தலை வைத்து, கண்ணை மூடி, காற்று முகத்தில் படப் படுத்திருந்த நேரம் மட்டும்தான் நிம்மதி என்று பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார். குடும்பத்தோடு படகில் போன யாருக்கும் அந்த நிம்மதி புரியும்.

12/
1822 ஜூன் 16. மேரிக்குக் கருச்சிதைவு. மணிக்கணக்கில் ரத்தப்போக்கு. மயக்கம் வந்து வந்து போகிறது. பிராந்தி, வினிகர் என்று கையில் கிடைத்ததை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் ஐஸ் வந்துவிட்டது. மற்றவர்கள் தயங்கினார்கள். ஷெல்லி தயங்கவில்லை. தொட்டியில் ஐஸைக் கொட்டி மனைவியை அதில் உட்கார வைத்தார். ரத்தம் நின்றது. டாக்டர் வந்தபோது ஆபத்து தாண்டிவிட்டது.

13/
எப்படி வேலை செய்தது? கடுங்குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கருப்பைத் தசையும் சுருங்க உதவியிருக்கலாம். இன்றைக்கு அதே வேலைக்கு ஆக்சிடோசின் ஊசி இருக்கிறது, ரத்தம் ஏற்றும் வசதி இருக்கிறது. தயவுசெய்து யாரும் ஐஸ் தொட்டியைத் தேடாதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நான் சொல்ல வருவது வேறு. மருத்துவம் படிக்காத ஒருவர், நேரம் போகிறது என்பதைப் புரிந்துகொண்டு, கையில் இருந்ததை வைத்து ஒரு உயிரைக் காப்பாற்றினார்.

14/
அப்படிக் காப்பாற்றியவர் அதற்கப்புறம் உயிரோடு இருந்தது சரியாக 22 நாள்.

15/
ஜூலை 1 அன்று நண்பர் லீ ஹண்ட்டைப் பார்க்க லிவோர்னோவுக்குப் படகில் போனார். மேரி போக வேண்டாம் என்று அழுதார். ஜூலை 8 மதியம் திரும்பக் கிளம்பினார்கள். படகில் மூன்று பேர்: ஷெல்லி, வில்லியம்ஸ், 18 வயது வேலைக்காரப் பையன் சார்லஸ் விவியன். வானம் கெட்டிருந்தது. சில மணி நேரப் பயணம்தானே, வீட்டில் காத்திருப்பார்கள் என்ற அவசரம். கடலில் புயல் பிடித்தது. மூவருமே பிழைக்கவில்லை.

16/
காசா மாக்னியில் இரண்டு பெண்களும் ஒவ்வொரு பாயாகப் பார்த்துக் காத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து வியாரெஜ்ஜோ அருகே ஷெல்லியின் உடல் ஒதுங்கியது. முகத்தை வைத்து அடையாளம் காண முடியாத நிலை. சட்டைப்பையில் இருந்த கீட்ஸ் கவிதைப் புத்தகத்தை வைத்துத்தான் உறுதி செய்தார்கள். வயது 29. கடல் ஒதுக்கிய உடல்களுக்கு அன்று கடுமையான தனிமைப்படுத்தல் சட்டம் இருந்ததால், ஆகஸ்ட் 16 அன்று கடற்கரையிலேயே எரித்தார்கள்.

17/
இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஷெல்லியின் முதல் மனைவி ஹாரியட். 1816 டிசம்பரில் லண்டன் ஹைட் பார்க் ஏரியில் அவருடைய உடல் கிடைத்தது. அந்த ஏரிக்கரையிலேயே ஹ்யூமேன் சொசைட்டியின் மீட்பு இல்லம் இருந்தது. உடலை அங்கேதான் கொண்டுபோனார்கள். ஆனால் நாள் கடந்துபோயிருந்தது. ஒரே குடும்பத்தைச் சுற்றி மூன்று பேர் தண்ணீரில். நேரத்துக்குக் கை எட்டிய ஒருவர் மட்டும் பிழைத்தார்.

18/
ஷெல்லி இறந்து இரண்டு வருடத்தில், 1824ல், பிரிட்டனில் கடல் மீட்புக்கென்றே ஒரு அமைப்பு தொடங்கியது. இன்றைய ஆர்.என்.எல்.ஐ. அதன் அதிகாரி கேப்டன் வார்ட், 1854ல் தக்கையால் ஒரு லைஃப் ஜாக்கெட் செய்தார். படகுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. துடுப்புப் போட இடைஞ்சலாம்.

19/
1861 பிப்ரவரி 9, இங்கிலாந்தின் விட்பி துறைமுகம். பெரும்புயல். மீட்புப் படகு அன்று பலமுறை போய்ப் பலரைக் காப்பாற்றியது. கடைசி முறை கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே மூழ்கினார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமேன் ஒருவர் மட்டும். புது மாதிரித் தக்கை ஜாக்கெட் அணிந்திருந்தவரும் அவர் ஒருவர்தான். இதைவிடத் தெளிவான பாடத்தை எந்தப் புத்தகமும் சொல்லாது.

20/
மூச்சுக்கொடுக்கும் விஷயத்துக்கு என்ன ஆனது? 19ஆம் நூற்றாண்டு முழுக்க உடலைப் புரட்டுவது, கையைத் தூக்கி இறக்குவது, முதுகை அமுக்குவது என்று முறை மாற்றி முறை. 1950களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சாஃபர் இருவரும் அளந்து நிரூபித்தார்கள். அந்த முறைகளைவிட வாயோடு வாய் ஊதுவதே மேல். 1960ல் நெஞ்சை அமுக்கும் முறையும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் நீங்கள் கேள்விப்படும் சி.பி.ஆர். ஆம்ஸ்டர்டாம் சங்கம் 1767ல் சொன்னது, 190 வருடம் கழித்து ஜெயித்தது.

21/
இது எல்லாம் எங்கேயோ நடந்த பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2011 டிசம்பர் 25, நம்ம பழவேற்காடு ஏரி. கிறிஸ்துமஸ் அன்று குடும்பமாகப் படகில் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7, கேரளாவின் தானூர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர். பெரும்பாலும் குழந்தைகள். இரண்டுமே சின்னப் பயணங்கள். இரண்டுமே நடுக்கடலில் நடக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

22/
ஒரு டாக்டராக நான் கேட்பது இவ்வளவுதான்.
லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் அல்ல. குழந்தைக்குக் குழந்தை சைஸ். இல்லை என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.
ஆள் அதிகமாக இருந்தால், வானம் சரியில்லை என்றால், கொடுத்த காசு போகட்டும், இறங்கிவிடுங்கள்.
குழந்தை தண்ணீரில் இருந்தால் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், போனைக் கீழே வைத்துவிட்டு. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் மூச்சுக்குத் தவிக்கும்போது குரல் எங்கிருந்து வரும்?
குடித்துவிட்டு இறங்காதீர்கள்.

23/
யாரையாவது மூழ்கித் தூக்கிவிட்டால், தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தோளில் போட்டுச் சுற்றுவது எதுவும் வேண்டாம். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும், பொன்னான நேரமும் போகும். மூழ்கியவருக்குக் குறைவது ஆக்சிஜன். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, முதலில் வாயோடு வாய் வைத்து 2 முதல் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடருங்கள். பக்கத்தில் இருப்பவர் 108ஐக் கூப்பிடட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஊரில் சி.பி.ஆர். பயிற்சி நடந்தால் ஒரு நாள் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளுங்கள். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு.

24/
அந்த இரண்டு வயதுப் பையன் பெர்சி ஃபுளோரன்ஸ் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மேரி மறுமணம் செய்துகொள்ளாமல், எழுதிச் சம்பாதித்து அவனை வளர்த்தார். 1889 வரை வாழ்ந்தார். அவருக்கு ரொம்பப் பிடித்த பொழுதுபோக்கு எது தெரியுமா? பாய்மரப் படகு. அப்பாவை விழுங்கிய கடலை விட்டு மகன் விலகவில்லை. நீங்களும் விலக வேண்டாம். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய்ட்டு வாங்க.