காணி, குழி, யூனிட்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் நிலத்தைக் காணிக் கணக்கில் பேசுவது இன்றும் வழக்கம். 24 அடிச் சதுரம் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, ஏறத்தாழ 132 சென்ட். செவ்வக வயலுக்கு நீளத்தை அகலத்தால் பெருக்கினால் போதும். கோணல் வயலில் எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவார்கள். அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், நட்டம் வாங்குபவருக்கு. மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டு முக்கோணங்களாக அளந்து கூட்டுவதே சரி. வட்டத்துக்குப் பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம் தரும் வழி எளிமையானது: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்க வேண்டும். 20 அடி விட்டமுள்ள கிணற்றின் வாய் சுமார் 314 சதுர அடி. 30 அடி ஆழம் தோண்டினால் ஏறக்குறைய 9,420 கன அடி மண் வரும். ஜல்லி, மணலையும் கன அடியில்தான் அளப்பார்கள்: 100 கன அடி ஒரு யூனிட்.