கல் சொல்லாததை நாம் சொல்லலாமா?



ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் திருச்சபையின் வாலிபர்களை அழைத்துக்கொண்டு தஞ்சாவூரையும் தாராசுரத்தையும் காணச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் கும்பகோணத்தை அடுத்த உடையாளூருக்கும் பேருந்தைத் திருப்பச் சொன்னேன். அங்கே ஒரு சிறு நிலத்தில், மண்ணில் பாதி புதைந்த நிலையில் ஒரு சிவலிங்கம் இருந்தது. "மாமன்னன் இராசராசன் துயில்கொள்ளும் இடம் இதுதான்" என்று வாலிபர்களுக்கு உறுதியாகச் சொன்னேன். அப்பொழுது வரலாறு பயின்றுகொண்டிருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, இதை எந்தக் கல்வெட்டு சொல்லுகிறது?" என்று கேட்டாள். "எல்லாரும் அப்படித்தானே சொல்லுகிறார்கள், அம்மா" என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் அளித்தது விடையன்று என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்ற வாரம் வேதபாட வகுப்பில் பிலிப்பியர் நிருபத்தைத் தொடங்கியபோது அந்தக் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. பிலிப்பி என்னும் பட்டணத்துக்கு அப்பெயரைச் சூட்டியவன் மக்கெதோனியாவின் அரசனாகிய இரண்டாம் பிலிப்பு. மகா அலெக்சாந்தரின் தகப்பன். கிரெனிடெஸ் என்று வழங்கிய அவ்வூரை அவன் கி.மு. 356-இல் கைப்பற்றித் தன் பெயரை இட்டான். ஊருக்குப் பெயர் தந்த அந்த அரசனின் கல்லறை எது என்பதைப் பற்றி அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளாக வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கைப் படித்தால் உடையாளூரைப் பற்றி எப்படிப் பேசவேண்டும் என்பது விளங்கும்.

கி.மு. 336-இல், மக்கெதோனியரின் பழைய தலைநகராகிய ஐகாயில், தன் மகளின் திருமண விழாவின்போது பிலிப்பு கொலையுண்டான். அவ்வூர் இருந்த இடம் இன்றைய வடகிரேக்கத்தின் வெர்கினா. அங்கிருந்த பெரிய மண்மேட்டை அகழ்ந்த பேராசிரியர் மனோலிஸ் அந்திரோனிக்கோஸ், 1977-ஆம் ஆண்டு நவம்பரில், கொள்ளையர் கை படாத ஒரு கல்லறையைத் திறந்தார். உள்ளறையில் ஒரு பொற்பேழை. அதில் எரியூட்டப்பட்ட ஓர் ஆணின் எலும்புகள். முன்னறையில் மற்றொரு பொற்பேழை; அதில் பொன்னிழையும் செந்நீலமும் கலந்த துணியில் பொதிந்த ஒரு பெண்ணின் எலும்புகள். ஆயுதங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், தலையில் அணியும் பட்டம் ஒன்று ஆகியவையும் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றே: உள்ளே கிடந்தவனின் பெயர்.

இது பிலிப்பின் கல்லறையே என்றார் அந்திரோனிக்கோஸ். வேறு சிலர், அவன் மகனும் அலெக்சாந்தரின் மாற்றாந்தாய் மகனுமாகிய அரிதேயுவின் கல்லறை என்றனர். அரிதேயு கி.மு. 317-இல் கொல்லப்பட்டு, பின்னர் அரச மரியாதையோடு ஐகாயில் அடக்கம்பண்ணப்பட்டவன். பிலிப்பு போரில் வலக்கண்ணை இழந்தவன். ஆகவே மண்டையோட்டின் கண்குழியில் காயத்தழும்பு தெரிகிறது என்று 1980-களில் ஒரு குழுவினர் எழுதினர். அப்படி ஒரு தழும்பே இல்லை என்று 2000-இல் மற்றொருவர் மறுத்தார். பிலிப்பு கால் ஊனமுற்றவன். கல்லறையில் கிடைத்த கணைக்கால் கவசங்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லை. ஆகவே அவை அவனுடையவை என்றனர். பிற்பாடு, முன்னறைப் பெண்ணின் கணைக்கால் எலும்பு முறிந்திருந்ததைக் கண்டவர்கள், அக்கவசங்கள் அவளுடையவை என்றனர். பிலிப்பு அடுத்த கல்லறையில்தான் இருக்கிறான் என்றும் 2015-இல் ஓர் ஆய்வு வந்தது; அதுவும் மறுக்கப்பட்டது. பொருள்கள் மாறவில்லை, அவற்றை வாசித்தவர்களின் எதிர்பார்ப்புகளே மாறின.

இவ்வழக்கு அறிஞர்களின் மேசையோடு நிற்கவில்லை. பொற்பேழையின் மூடியில் பதினாறு கதிர்கள் கொண்ட ஒரு சுடர் பொறிக்கப்பட்டிருந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த மக்கெதோனியக் குடியரசு 1992-இல் அச்சுடரைத் தன் கொடியில் வைத்தது. எங்கள் அரசனின் அடையாளத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதா என்று கிரேக்கம் வெகுண்டது. எல்லையை மூடி வணிகத்தைத் தடுத்தது. 1995-இல் கொடி மாறிற்று. பெயரைப் பற்றிய பூசல் ஓய்ந்து, அந்நாடு வட மக்கெதோனியா ஆனது 2019-இல்தான். இறந்துபோன ஓர் அரசனுக்காக உயிரோடிருக்கும் இரண்டு நாட்டு மக்கள் இருபத்தேழு ஆண்டுகள் முகம் திருப்பிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அரசன் உயிர்நீத்த இடத்தை அவன் பெயரோடு சேர்த்து வழங்குவது தமிழரின் பழைய வழக்கம். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனையும் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவனையும் சங்க நூல்கள் அப்படியே அறிமுகப்படுத்துகின்றன. சோழர் காலத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது: சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சிய தேவர், முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர் துஞ்சியவன். இறந்தவரின் நினைவாக, அவரை அடக்கிய இடத்தில் எடுத்த கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். ஆதித்தனுக்குக் காளத்திக்கு அருகில் அவன் மகன் முதலாம் பராந்தகன் எடுத்தான். பாண்டிய நாட்டிலும் திருச்சுழிக்கு அருகிலுள்ள பள்ளிமடத்தில் சுந்தரபாண்டியன் பெயரால் ஒரு பள்ளிப்படை உண்டு. அவ்வூரின் பெயரே அதற்குச் சான்று கூறுகிறது.

இவற்றில் நாம் கவனிக்கவேண்டியது மேல்பாடி. வேலூர் மாவட்டத்திலுள்ள அவ்வூரில், ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை எடுத்தவன் இராசராசனேதான். யாருக்காக, யாரால், எதற்காக எடுக்கப்பட்டது என்பதை அங்குள்ள கல்வெட்டு ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. பள்ளிப்படை என்னும் சொல்லே அதில் இருக்கிறது. ஒரு நினைவுக்கோயிலுக்கு எத்தகைய சான்று வேண்டும் என்பதை அந்த அரசனே நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறான்.

அந்த அளவுகோலை உடையாளூரில் வைத்துப் பார்ப்போம். இராசராசன் 1014-இல் மறைந்தான். உடையாளூர்ப் பால்குளத்து அம்மன் கோயிலில் உள்ள தூண் கல்வெட்டு, முதலாம் குலோத்துங்கனின் 42-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 1112. சிவபாதசேகர மங்கலம் என்னும் அவ்வூரில் எழுந்தருளி நின்ற, இராசராச தேவரான சிவபாதசேகர தேவரின் திருமாளிகையில் முன்மண்டபம் பழுதுற்றதையும் அது புதுப்பிக்கப்பட்டதையும் அது கூறுகிறது. சிவபாதசேகரன் என்பது இராசராசனின் விருதுப்பெயர். ஆகவே அவன் மறைந்து நூறாண்டு ஆகும் காலத்திலும் அவன் பெயரால் ஒரு கட்டடம் அங்கே இருந்தது என்பது உறுதி. சோழரின் அரண்மனை நகரான பழையாறையும் அருகிலேயே இருக்கிறது. அது அவனுடைய பள்ளிப்படையே என்போரின் வலிமை இதுதான். அது எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஆனால் மறுதரப்பின் கேள்விகளும் எளியவை அல்ல. மேல்பாடியில் உள்ள பள்ளிப்படை என்னும் சொல் இங்கே ஏன் இல்லை? திருமாளிகை என்பது அரண்மனையையும் குறிக்கும், கோயிற் கட்டடத்தையும் குறிக்கும். எழுந்தருளி நின்ற என்பது ஒரு திருமேனியைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம் அல்லவா? எல்லாவற்றுக்கும் மேலாக, கல்வெட்டு இருப்பது ஓரிடம், லிங்கம் இருப்பது மற்றோரிடம். இரண்டையும் இணைப்பது ஊராரின் நம்பிக்கையே. 2019-இல் இவ்விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை சென்று, அவ்விடத்தை ஆய்வு செய்யும்படி உத்தரவும் பிறந்தது. ஆயினும் வழக்கை முடித்துவைக்கும் சான்று எதுவும் மண்ணிலிருந்து இதுவரை வெளிவரவில்லை.

இதில் நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். இராசராசன் எங்கள் குலத்தவன் என்று ஒன்றுக்கு மேற்பட்ட சமூகத்தார் உரிமை கொண்டாடுகின்றனர். அவன் பெயரால் சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. பிள்ளைகள் அவற்றைப் படித்து வளர்கின்றனர். கல்லறை எங்களுடையது என்று சொல்லத் தொடங்குகிறவன், ஊர் எங்களுடையது என்று சொல்ல நெடுங்காலம் ஆகாது. வெர்கினாவின் சுடர் கொடியில் ஏறிய கதையை நம் தெருக்களுக்கு மிகத் தொலைவான கதை என்று நான் எண்ணவில்லை.

நம் குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு கீழே சென்றால் தென்கரையில் ஆதிச்சநல்லூர். நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட அந்தப் பறம்பில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது, தாழிகளோடு மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. பட்டம் என்றவுடன் பாண்டிய அரசன் என்று சொல்ல நம் நா துடிக்கிறது. வெர்கினாவிலும் தலைப்பட்டமே அரசனுக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டது. ஆனால் தாழிக்குள் இருப்பவர் அரசரோ, குலத்தலைவரோ, தாய் ஒருத்தி கண்ணீரோடு அனுப்பிவைத்த மகனோ, பட்டம் சொல்லவில்லை. பெயரற்ற அம்மனிதரை வலிந்து அரசராக்கினால்தான் அவருக்கு மதிப்பு உண்டாகுமா?

பிறரிடம் கேட்கும் கேள்வியை நாம் நம்மிடமும் கேட்கவேண்டும். எருசலேமுக்குச் செல்லும் நம் பயணிகளுக்குச் சீயோன் மலையில் தாவீதின் கல்லறை காட்டப்படுகிறது. ஆனால் தாவீதின் நகரம் இருந்தது தென்கிழக்கிலுள்ள தாழ்ந்த மேட்டில். அவன் அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டான் என்று இராஜாக்களின் புத்தகம் கூறுகிறது. தளபதி சார்லஸ் கோர்டன் 1883-இல் எருசலேமில் தங்கியபின் புகழ்பெற்ற தோட்டக் கல்லறையும் அப்படியே. அது கிறிஸ்துவுக்கு ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே குடையப்பட்டது என்று தொல்லியலாளர் காபிரியேல் பார்க்காய் காட்டியிருக்கிறார். சுவிசேஷங்களோ புதிய கல்லறை என்கின்றன. அந்தத் தோட்டத்தின் அமைதியில் ஜெபித்தவர்களின் ஜெபம் இதனால் வீணாகிவிடாது. ஆனால் இதுவே அந்த இடம் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மோசேயின் பிரேதக்குழியை ஒருவரும் அறியார். அதனால் மோசே நமக்குக் குறைந்துபோகவில்லை.

நான் வாழும் தென்காசியில், காசி விசுவநாதர் கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் ஒரு வேண்டுகோளைக் கல்லில் விட்டுச்சென்றான். இக்கோயில் பழுதுபட்டால் பிற்காலத்தில் அதைத் திருத்திக் காப்போர் எவரோ, அவர் அடிகளில் பணிகிறேன் என்பது அதன் கருத்து. யார், எவர், எக்குலத்தார் என்று அவன் கேட்கவில்லை. தான் காணப்போகாத மனிதர்களை முன்கூட்டியே வணங்கினான். அரசர்களை மதிக்க விரும்புகிறவர்கள் கற்றுக்கொள்ளத்தக்க பணிவு அது.

அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. சென்ற மாதம் ஆராதனைக்குப் பின் அவளைக் கண்டபோது, "அம்மா, அன்று நீ கேட்டதுதான் சரி. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன்" என்றேன். "பரவாயில்லை ஐயா, என் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகப் போகிறேன். இரண்டு பக்கமும் சொல்லுவேன்" என்றாள். வாலிபர்களோடு மறுபடியும் உடையாளூருக்குச் செல்ல நேர்ந்தால் நானும் அப்படியே செய்வேன். ஊரார் சொல்வது இது, கல் சொல்வது இது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளை, உயிரோடிருக்கும் அயலானைக் குறித்து மட்டும் கொடுக்கப்பட்டதென்று நான் இப்போது நினைப்பதில்லை. எழுந்து வந்து மறுத்துச் சொல்ல முடியாத அயலானுக்கும் அது உரியது.