ஆப்பு வைத்த சைக்கிள்

ஆப்பு என்றால் நம் ஊரில் யாரோ யாருக்கோ வைப்பது. ஆனால் பழைய சைக்கிளில் ஹேண்டில்பாரைத் தாங்கிப் பிடித்திருப்பதே ஓர் ஆப்புதான். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம், ஃபோர்க் குழாய்க்குள் இறங்கியிருக்கும். அதன் அடியில் சாய்வாக வெட்டிய இரும்புத் துண்டு. மேலே தெரியும் நீள போல்ட்டை முறுக்கினால் அது குழாயின் உட்சுவரில் இறுகும். போல்ட்டை நாலு சுற்று தளர்த்தி, தலையில் மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். ஹேண்டில்பாரை வேண்டிய உயரத்துக்குத் தூக்கலாம். ஸ்டெம்மில் ஒரு எல்லைக்கோடு இருக்கும், அது வெளியே தெரியாதவரை பயமில்லை.

1870களின் பெரிய முன்சக்கர சைக்கிளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஹேண்டில்பார் தொடைக்கு மேல் குறுக்கே கிடக்கும். வழியில் ஒரு கல் தட்டினால் ஆள் தலைகுப்புற விழுவார், கால் வேறு அதில் மாட்டிக்கொள்ளும். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளில் செயினைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனார். சீட் பின்னால் நகர்ந்தது. அதன்பிறகுதான் ஹேண்டில்பார் உயரம் என்பது உயிர்ப் பிரச்சினையாக இல்லாமல் முதுகுப் பிரச்சினையானது!

நமக்கு வந்தது இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் அச்சு. 1949-ல் டி.ஐ., 1951-ல் அட்லஸ், 1956-ல் ஹீரோ என்று கம்பெனிகள் வரிசையாக வந்தன. எல்லோரும் செய்த கருப்பு சைக்கிளில் கைப்பிடி ஓட்டுபவரை நோக்கி வளைந்திருக்கும். நிமிர்ந்து உட்காரலாம், பாரமெல்லாம் சீட்டில். ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் அதற்குத்தான்.

ஒரே சிக்கல், கம்பி பிரேக். ஹேண்டில்பாரைத் தூக்கினால் கம்பியும் கூடவே எழும்பி, பிரேக் கட்டை ரிம்மில் போய் உரசும். கம்பியின் இணைப்பைத் தளர்த்தி மறுபடி சரிசெய்ய வேண்டும். கடையில் இறக்கிய உயரத்திலேயே குட்டையானவரும் நெட்டையானவரும் காலம் தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான் ரேடர் யோசனையை வைத்து டயா-காம்ப் நிறுவனம் ஏஹெட்செட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஃபோர்க் குழாயில் மரை கிடையாது, ஸ்டெம் வெளியிலிருந்து கவ்விக்கொள்ளும். எடை குறைவு, ஆட்டம் குறைவு, ஆலன் சாவி ஒன்று போதும். கம்பெனிக்கு இன்னும் பெரிய லாபம்: ஃபிரேம் அளவுக்கு ஒரு ஃபோர்க் என்று மரை வெட்டி அடுக்கத் தேவையில்லை. ஒரே நீளத்தில் வாங்கி, வேண்டிய அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம்.

அறுத்த குழாய் வளருமா?

இங்கே புனேயில் நான் ஆபீசுக்கு ஓட்டும் சைக்கிளில் ஸ்டெம்முக்கு அடியில் இருந்தது 10 மி.மீ. வளையம் ஒன்றே ஒன்று. அரைமணி ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கடைக்காரர் "இதுக்கு மேல ஏறாது சார், பழகிடும்" என்றார். பழகவில்லை. கீழ்நோக்கிச் சாய்ந்திருந்த ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன். 90 மி.மீ. நீளம், 7 டிகிரி சாய்வு. கணக்குப்படி 2 செ.மீ. கிடைக்கிறது. விரல் மரப்பது பாதி குறைந்தது. மீதிக்கு, நடுவில் தாழ்ந்து இருபுறமும் எழும்பும் ரைசர் ஹேண்டில்பார் வாங்கினேன்.

புது சைக்கிள் பார்க்கப் போகிறவர்கள் கியரை எண்ணுவதற்கு முன்னால் ஸ்டெம்முக்கு அடியில் எத்தனை வளையம் என்று எண்ணிவிடுங்கள்.